நாடா இல்லாத தொப்பி

1. ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், எந்தத் தொப்பி வாங்கலாம் என்று அவள் என்னிடம் கேட்டாள்.
2. சரியான பதில் எனக்குத் தெரியும்.
3. தவறான பதிலைச் சொன்னேன்.
4. அவள் அதையே வாங்கினாள்.
5. அந்தத் தொப்பி ஒரே ஒரு முறை பறந்தது. அதன் பிறகு பறக்கவே இல்லை.

நடந்தது இவ்வளவுதான். ஐந்து வருடங்கள் ஆகின்றன. இதில் மூன்றாவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஐந்தாவதை இன்றைக்கும் என்னால் சுலபமாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. இளம்பிள்ளையில் ஒரு தறிக்கூடத்தில், கம்ப்யூட்டரில் சேலைக்கு டிசைன் போடுவது அவள் வேலை. நான் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வரைபடப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு காலைகளில் ஏரிகளுக்குப் போய்ப் பறவைகளை எண்ணும் சிறிய கூட்டம் ஒன்று உண்டு. ஏழெட்டுப் பேர். தலைவர் என்று யாரும் கிடையாது. ஆனால் டாக்டர் சார் சொல்வதைத்தான் எல்லோரும் கேட்போம். ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர். வேலையில் இருந்த காலம் முழுக்கக் கோழிப் பண்ணைகளையே சுற்றியவர். "பறக்கற பறவைய இப்பத்தான் சாமி பாக்கறேன்" என்பார்.

அவளைப் பற்றி ஒரே வரியில் சொல்வதென்றால், கைக்கு வந்த எதையும் அவள் மாற்ற மாட்டாள்.

முதல் நாள் வந்தபோது அவளிடம் பைனாகுலர் இல்லை. கூட்டத்துக்கென்று பொதுவாக ஒன்று இருந்தது. அதன் இடது கண்ணாடியில் பூஞ்சை பிடித்து, பால் ஊற்றியது போலத் தெரியும். அதை வாங்கியவர்கள் எல்லாரும் பத்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடம் கடன் கேட்பார்கள். அவள் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். அடுத்த வாரமும் அப்படியே. நான்காவது வாரம் டாக்டர் சார் தன்னுடையதைக் கழற்றி நீட்டினார்.

"வேண்டாமுங்க சார். இது எனக்குப் பழகிருச்சுங்க. அதுவும் பாவம், எல்லாரும் தள்ளி வெச்சா எங்க போகும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குக் கோரைப் புல்லுக்குள் ஒண்டியிருந்த குருகு ஒன்றை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். ஒற்றைக் கண்ணால். நான் ஐந்து மாதம் பதினொரு மாடல்களை ஒப்பிட்டு, அட்டவணை போட்டு, அதற்குப் பிறகு வாங்கிய பைனாகுலரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

சங்ககிரியில் நாங்கள் வழக்கமாக நிற்கும் டீக்கடையிலும் இதே கதைதான். டீ கேட்டவளுக்கு ஒரு நாள் காபி வந்தது. பேசாமல் குடித்தாள். மாற்றித் தருவதாகக் கடைக்காரர் ஓடி வந்தபோது, "இருக்கட்டுமுங்கண்ணா, காபியும் நல்லாத்தான் இருக்குது" என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவள் தட்டில் மட்டும் ஒரு வடை கூடுதலாக இருந்தது. அந்தக் கடையில் மூன்று வருடமாக நான் சர்க்கரை குறைவாகக் கேட்டு, சர்க்கரை அதிகமாகப் பெற்று, திருப்பிக் கொடுத்து, மறுபடி போடச் சொல்லிக் குடித்துக்கொண்டிருந்தவள். எனக்கு யாரும் வடை வைக்கவில்லை.

அவள் வேலை செய்யும் இடத்தில் ஒரு முறை தறியில் தவறான நிறத்து நூல் ஓடிவிட்டது. அரக்குச் சேலையின் நடுவே ஒரு கிளிப்பச்சைக் கோடு. முதலாளி கத்தியிருக்கிறார். இவள் அந்தக் கோட்டை எடுக்காமல், அதன் இரண்டு பக்கமும் பூ வைத்து, அதையே டிசைனாக்கிக் கொடுத்திருக்கிறாள். அந்தச் சேலைதான் அந்தத் தீபாவளிக்கு அதிகம் ஓடியதாம். இதை அவள் பெருமையாகச் சொல்லவில்லை. முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாள். முறுக்கு என்னுடையது.

அவளிடம் குறைகளும் உண்டு, எழுதி வைத்திருக்கிறேன். எப்போதும் தாமதம். நோட்டு கொண்டு வர மாட்டாள். எண்ணிக்கையை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வாள். ஓயாமல் பேசுவாள். என்னைவிட ஒரே ஒரு வயது இளையவள். ஆனாலும் வாய்க்கு வாய் "அக்கா". கேட்பவர்களுக்கு எனக்கு நாற்பது வயது என்று தோன்றும்.

நான் வேறு மாதிரி. எதையும் அளந்து, பிரித்து, வரிசைப்படுத்தித்தான் எனக்குப் பழக்கம். அவள் வருவதற்கு ஒரு வருடம் முன்பு, குழுவின் வாட்ஸப்பில் நான் ஒரு குறிப்பு போட்டிருந்தேன். 'காற்றடிக்கும் ஏரிக்கரைக்குத் தொப்பி: ஒன்பது விதிகள்.' விளிம்பு மூன்று அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. போனால் காற்று பிடித்துக்கொள்ளும். முன் விளிம்பு மெத்தென்று இருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு போகும்போது இடித்துத் தொப்பி பின்னால் சாயும். விளிம்பின் அடிப்பக்கம் கருமையாக இருந்தால் தண்ணீரிலிருந்து மேலே அடிக்கும் வெளிச்சம் கண்ணைக் கூசாது. பளிச்சென்ற வெள்ளை வேண்டாம், பறவை விலகும். தலைச் சுற்றளவைக் காதுக்கு ஒரு விரல் மேலே டேப் வைத்து அளக்க வேண்டும். ஏழாவது விதியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்: தாடைக்குக் கீழே இழுத்துக் கட்டும் நாடா இல்லாத தொப்பியை வாங்கவே வாங்காதீர்கள். ஓலைத் தொப்பி, அட்டைத் தொப்பி எல்லாம் திருவிழாவுக்கு.

அந்தக் குறிப்புக்கு மூன்று கட்டைவிரல்கள் வந்தன. அதில் ஒன்று டாக்டர் சாருடையது. யாரும் படிக்கவில்லை என்பது அடுத்த ஞாயிறு அவர்கள் தலைகளைப் பார்த்ததும் தெரிந்தது. துண்டு, கிரிக்கெட் தொப்பி, ஒருவர் ஹெல்மெட்.

எங்கள் பக்கத்தில் ஆடிக் காற்று மேற்கிலிருந்து வரும். சாலையில் காலி லாரிகளையே ஓரமாகத் தள்ளும். ஏரிக்கரை மேல் ஏறி நின்றால் வாயைத் திறக்க முடியாது. அந்த ஆடியில்தான் டாக்டர் சார் ஒரு செய்தி சொன்னார். மகள் சென்னைக்குக் கூப்பிடுகிறாள், வரும் ஆவணியில் போகிறேன் என்றார். பறவைக் கணக்கெடுக்க அவர் பொறுப்பில் சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையில் ஒரு பெரிய ஏரி இருந்தது. முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் பெரிய ஸ்கோப்பும் இருந்தது. ஏரி யாருக்கோ, அவருக்கே ஸ்கோப்பும் என்றார்.

நான் அந்த ஏரிக்கு மூன்று வருடம் ஒரு ஞாயிறு தவறாமல் போயிருந்தேன். மாதவாரியாகக் கணக்கு என்னிடம் இருந்தது. எந்த மரத்தில் நீர்க்காகம் சிறகு காய வைக்கும், எந்தத் திட்டில் புள்ளிமூக்கு வாத்து ஒதுங்கும், எல்லாம் வரைபடமாகப் போட்டு வைத்திருந்தேன். ஒரு முறை அதைப் பார்த்துவிட்டு டாக்டர் சார் சொன்னார்: "கணக்கு சுத்தமா இருக்குது சாமி." அந்த ஒரு வாக்கியத்தை நான் பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அப்போதைக்கு ஏழு மாதம் முன்புதான் வந்திருந்த அவளைப் பார்த்து அதே டாக்டர் சார் சொன்னது: "இந்தப் பொண்ணுகிட்ட ஏரியே வந்து பேசுது சாமி!"

அதையும் பல நாள் சொல்லிப் பார்த்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை, பட்டறையிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தேன். சேலம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நடைபாதைக் கடையிலிருந்து அவள் இரண்டு படம் அனுப்பினாள். முதலாவது காக்கி நிறம், மெத்தென்ற விளிம்பு, நல்ல நாடா, உச்சியில் வலை. ஒன்பது விதிகளில் எட்டுக்குப் பொருந்தியது. இரண்டாவது அகலமான, விறைப்பான ஓலைத் தொப்பி. நாடா இல்லை. பின்னாலேயே குரல் பதிவு வந்தது, பஸ் ஹாரன்களுக்கு நடுவே.

"ஏனுங்கக்கா, டாக்டர் சார் ஞாயித்துக்கெழம ரெண்டு பேரையும் தனித்தனியா எண்ணச் சொல்லியிருக்கறாருங்களே. தலைக்கு ஒண்ணுமே இல்ல எங்கிட்ட. நீங்கதான் இதெல்லாம் படிச்சவங்க. எது வாங்கட்டும்?"

உண்மைதான். அந்த ஞாயிறு நாங்கள் இருவரும் ஏரியின் இரண்டு கோடியிலிருந்து தனித்தனியாக எண்ண வேண்டும், அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்வேன் என்று டாக்டர் சார் சொல்லியிருந்தார்.

நான் தட்டினேன்: 'இரண்டாவது. நிழல் அதிகம்.'

நிழல் அதிகம் என்பது பொய்யில்லை. அதனால்தான் அந்த வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. 'சரிங்கக்கா' என்று வந்தது, ஒரு பூவோடு.

ஞாயிறு காலை காற்று நான் நினைத்ததைவிட அதிகம். என் தொப்பி என் விதிப்படி வாங்கியது. இருந்தாலும் பயம். பட்டறையில் பாரம் கட்டும்போது ஒரு வழக்கம் உண்டு: எதையும் தனியாக விடாதே, தார்ப்பாயையும் கயிற்றையும் கொக்கியையும் ஒன்றோடு ஒன்று பிணைத்துவிடு, காற்றால் தூக்க முடியாது. நானும் தொப்பி நாடாவைப் பைனாகுலர் வாரோடு முடிந்தேன், அந்த வாரை இடுப்புப் பட்டையோடு முடிந்தேன்.

அவள் தாமதமாகத்தான் வந்தாள். தொப்பியைக் கையில் பிடித்திருந்தாள். கரை மேல் ஏறி, தலையில் வைத்த நொடியில் காற்று அதைப் பிடுங்கியது. விளிம்பிலேயே நின்று சக்கரம் போல உருண்டு, தண்ணீருக்கு நாலடி முன்னால் ஒரு கருவேலஞ் செடியில் மாட்டிக்கொண்டது. அவள் கத்திக்கொண்டு பின்னால் ஓடினாள். எனக்குள் ஏதோ குளிர்ந்தது.

எடுத்துக்கொண்டு வந்தாள். கோபமில்லை. காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு துணியை எடுத்தாள். தறியில் கடைசியில் மிஞ்சும் சேலைத் துண்டு, அரக்கில் கிளிப்பச்சை. தொப்பியைத் தலையில் வைத்து, துணியை அதன் உச்சி மேலாகப் போட்டு, இரண்டு பக்க விளிம்பையும் காதோடு சேர்த்து மடக்கிக் கீழே இழுத்துத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டாள். முன் விளிம்பு கூரை போல நீட்டி நின்றது. பக்கங்கள் சாய்ந்துவிட்டதால் காற்று பிடிக்க இடமில்லை, வழுக்கிக்கொண்டு போனது.

"எப்புடிங்க இருக்குது சார்? வெங்காயம் புடுங்கப் போறவங்க மாதிரி இருக்குதுங்களா?"

"கோழியக் கூடையில போட்டுக் கவுத்த மாதிரி இருக்குது சாமி" என்றார் டாக்டர் சார்.

அவள் கொக்கரித்துக் காட்டினாள். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பிறகு எண்ணப் போனோம். மேற்குக் கோடி அவளுக்கு, கிழக்குக் கோடி எனக்கு. புள்ளிமூக்கு வாத்துகள் நடுத் திட்டில் நெருக்கமாக நின்றன. நான் எண்ண ஆரம்பித்தேன். காற்று என் தொப்பியைத் தூக்கியது. தொப்பி போகவில்லை, முடிச்சு நல்ல முடிச்சு. ஆனால் அது பைனாகுலரையும் சேர்த்து இழுத்தது. வாத்துகள் வானத்துக்குப் போயின. மறுபடி முதலிலிருந்து. மறுபடி இழுப்பு. லாரியில் ஏற்றிய பாரம் தலையைத் திருப்பி வாத்துப் பார்க்காது என்பதை நான் யோசிக்கவில்லை. மூன்றாவது முறையும் எண்ணிக்கை தவறியதும், எல்லா முடிச்சையும் அவிழ்த்து, தொப்பியைப் பைக்குள் திணித்துவிட்டு, வெறுந்தலையோடு வெயிலில் நின்று எண்ணி முடித்தேன். காது இரைந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது, அது காற்றால்.

டாக்டர் சார் என் தாளையும் அவள் உள்ளங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு வாத்துதான் வித்தியாசம்.

"ரெண்டும் ஒண்ணுதான் போ" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "என்ன சாமி, இப்புடிச் செவந்து கெடக்குது? உன் தொப்பி எங்க?" என்றார்.

"பையில இருக்குதுங்க சார்."

"இந்தப் பொண்ணு தொப்பியப் பாரு. புயலுக்கும் அசையாதாட்டம் இருக்குது."

"இது அக்கா செலக்சனுங்க சார்" என்றாள் அவள். "ரெண்டுல எதுன்னு கேட்டேன். நிழலு அதிகம், இதயே வாங்குன்னு சொன்னாங்க."

"அப்புடியா! ஊருக்கெல்லாம் நல்லதாச் சொல்லிட்டு, உனக்கு ஒண்ணு வாங்கிக்கலையா சாமி?"

நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். எல்லோரும் அந்தத் தொப்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். என் ஒன்பது விதிகளுக்கு மூன்று கட்டைவிரல் போட்டவர்கள், அடுத்த வாரமே ஆளுக்கொரு ஓலைத் தொப்பியும் ஒரு சேலைத் துண்டுமாக வந்து நின்றார்கள். துண்டுகளைக் கொண்டு வந்து கொடுத்தவள் அவள்தான்.

ஏரி விஷயத்தை டாக்டர் சார் அன்றே முடித்தார். அவர் பொறுப்பில் இன்னொரு நீர்நிலையும் இருந்தது. நாமக்கல் ஓரத்தில், கோழிப் பண்ணைகளுக்குப் பின்னால் ஒரு குட்டை. பண்ணை கழுவிய தண்ணீர் வந்து சேரும். நாற்றமும் ஈயும். எங்கள் கூட்டத்தில் யாரும் இரண்டாவது முறை போனதில்லை.

"ரெண்டு ஆளு, ரெண்டு தண்ணி" என்றார். "நானாப் பிரிச்சா ஒருத்தருக்கு மனசு நோகும். நீங்களே சொல்லுங்க."

அவள் யோசிக்கக்கூட இல்லை. "அக்கா மொதல்ல எடுத்துக்கட்டுமுங்க. மிச்சம் எனக்கு."

நான் பெரிய ஏரி என்றேன். வாயிலிருந்து வந்த வேகத்தில் எனக்கே வெட்கமாக இருந்தது. மூன்று வருடம் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஸ்கோப்பை என் ஸ்கூட்டியில் வைத்துக் கட்டியதும் அவள்தான். துணியால், ஒரே முடிச்சில். நாமக்கல் வந்து சேரும்வரை அசையவில்லை.

அந்தக் குட்டை என் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம். அவளோ இளம்பிள்ளையிலிருந்து பஸ் மாறி மாறி வந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்தாள். அந்த நாட்களில் நான் ஒரு முறை மட்டும் போனேன், அவளுக்குத் தெரியாமல், சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்கோப் வைத்துப் பார்த்தேன். ஈ இருந்த இடத்துக்கு ஈ தின்னும் குருவிகள் வந்திருந்தன. தகைவிலான்கள், வாலாட்டிகள். சேற்றில் பவளக்கால் உள்ளான்கள், இளஞ்சிவப்புக் கால்களை ஊன்றி ஊன்றி நடந்தன. பண்ணையில் முட்டை அடுக்கும் பெண்கள் நாலைந்து பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்து, அந்த ஒற்றைக் கண் பைனாகுலரைக் கை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய தொப்பி எல்லோரையும்விட உயரமாகத் தெரிந்தது.

அடுத்த இரண்டு வருடம் மழை ஏமாற்றியது. என் ஏரி நடுவரைக்கும் வெடித்துக் கிடந்தது. பண்ணைத் தண்ணீர் ஒரு நாளும் நிற்கவில்லை. கூட்டம் மெதுவாகக் குட்டைக்குப் போக ஆரம்பித்தது. யாரும் என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை; ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் குறைந்தார். நான் வறண்ட ஏரிக்குப் போய், எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் எழுதிவிட்டு வருவேன். கணக்கு சுத்தமாக இருந்தது.

பிறகு அவள் வேலை செய்த இடத்தின் முதலாளி சூரத்தில் ஒரு கிளை திறந்தார். போகச் சொன்னார்கள், போனாள். கடைசி ஞாயிறு நானும் குட்டைக்குப் போயிருந்தேன். அங்கிருந்து அவளை நாமக்கல் பேருந்து நிலையத்தில் கொண்டு விட்டது நான். வேறு யாரிடமும் அன்று வண்டி இல்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஓலை நிறம் மங்கி, விளிம்பு நைந்திருந்தது.

"ஏனுங்கக்கா, ஒண்ணு சொல்லட்டுங்களா?"

"சொல்லு."

"உங்க லிஸ்ட்டுல ஏழாவதா ஒண்ணு இருக்குதுங்களே. கொட்ட எழுத்துல. நாடா இல்லாததை வாங்கவே வாங்காதீங்கன்னு."

"அத எப்பப் படிச்ச?"

"குரூப்புல சேந்த அன்னிக்கேங்க. டாக்டர் சார் அனுப்பி வெச்சாருங்க. ஒம்பதும் படிச்சேன். கடையில நிக்கறப்பவும் ஞாபகம் இருந்துச்சுங்க."

"அப்புறம் ஏன் அத வாங்கின? என்கிட்ட ஏன் கேட்ட?"

"கேட்டா நீங்க சந்தோசப்படுவீங்கன்னு கேட்டேனுங்க. நீங்க ரெண்டாவதுன்னீங்க. அட, அக்காவுக்கு நம்ம மேல இவ்வளவு கோவமான்னு இருந்துச்சு." தொப்பியின் விளிம்பைத் தடவினாள். "சரி, கோவத்துல குடுத்தது எப்புடித்தான் இருக்கும், பாப்பமேன்னு வாங்கிட்டேன். வாங்கினத மாத்தறதில்லீங்களே நானு."

சேலம் பஸ் உள்ளே திரும்பியது. அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. எனக்குத் தெரியும். முதல் வார்த்தையைக்கூட எடுத்து வைத்திருந்தேன்.

"தொப்பிக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்கக்கா" என்றாள் அவள். "அன்னிக்கு அது உருண்டு போனப்ப நான் திரும்பிப் பாத்தேன். நீங்க சிரிச்சுட்டு இருந்தீங்க. அது மட்டுந்தான் இன்னும் மறக்கல." பிறகு எப்போதும் போல, "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு ஏறினாள். வெயில் அடிக்கும் பக்கத்து ஜன்னல்தான் கிடைத்தது. அங்கேயே உட்கார்ந்தாள். தொப்பியைப் போட்டுக்கொண்டாள்.

அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. பெரிய ஏரி என் பொறுப்பில் இருக்கிறது. போன ஐப்பசியில் பாதி நிறைந்தது. ஸ்கோப் என் அறையில் இருக்கிறது. குட்டையைப் பண்ணைப் பெண்கள் மூன்று பேர் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். கூட்டம் அங்கேதான் கூடுகிறது, சில ஞாயிறுகளில் நானும் போகிறேன். புதிதாக வருபவர்களுக்கு ஓலைத் தொப்பியும் சேலைத் துண்டும் கொடுத்து, இது அக்காவின் தேர்வு என்று என்னைக் காட்டுகிறார்கள். நான் இதுவரை மறுக்கவில்லை. அவளுடைய எண் என் போனில் இருக்கிறது. நான் போடுவது இன்னமும் நாடா வைத்த தொப்பிதான்.